முரளிக்காகத்தான் விதியை மாற்றினார்களா? ஒரு முழங்கையும் 15 டிகிரியும்

2024 டிசம்பரில் வங்கதேசத்தின் ஷகிப் அல் ஹசன் பந்துவீசத் தடை என்ற செய்தி வந்தபோது பலருக்கும் குழப்பம். ஏறக்குறைய 18 ஆண்டுகள் சர்வதேச கிரிக்கெட்டில் வீசியவர். அதுவரை ஒரு நடுவர்கூட அவர் கையைக் குறை சொன்னதில்லை. சர்ரே அணிக்காக டான்டனில் ஆடிய ஒரே ஒரு கவுன்டி ஆட்டத்தில் நடுவர்கள் சந்தேகம் எழுப்பினார்கள். லஃப்பரோ ஆய்வகத்தில் பந்துவீசும்போது முழங்கை எவ்வளவு நீள்கிறது என்று அளந்தார்கள், அனுமதித்த 15 டிகிரியை மீறியிருந்தது. சென்னையில் நடந்த மறுசோதனையிலும் தேறவில்லை. 2025 மார்ச்சில், மூன்றாவது சோதனையில்தான் தப்பித்தார்.

இப்படி யாராவது மாட்டும்போதெல்லாம் கூடவே இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் பற்றி ஒரு பேச்சு கிளம்பும்: "முரளிதரனுக்கு மட்டும் விதியையே மாத்திக் கொடுத்தாங்களே!" இதைச் சொல்பவர்கள் பாதி, "வெள்ளைக்கார நடுவர்கள் வேண்டுமென்றே அவரை வஞ்சித்தார்கள்" என்பவர்கள் மீதி. இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு வேறு வழக்குகளைக் கலக்கிறார்கள். 1995 முதல் 1999 வரை நடந்தது முரளியின் வழக்கமான சுழல் பந்தான ஆஃப் பிரேக் பற்றிய வழக்கு. 2004இல் நடந்தது, அதே கையசைவில் எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ரா என்ற பந்து பற்றிய வழக்கு. கேள்வியும் வேறு, அளவுகோலும் வேறு, தீர்ப்பும் வேறு. இவற்றைப் பிரித்து வைத்துப் பார்த்தால் குழப்பத்தில் முக்கால்வாசி போய்விடும்.

விதி எதைத் தடுக்கிறது?

தெரு கிரிக்கெட்டில் "மாங்கா அடிக்கிறான்" என்று கத்துவோமே, அதாவது பந்தை வீசாமல் எறிவது, அதுதான் சங்கதி. கிரிக்கெட் விதிகளை வைத்திருக்கும் எம்சிசியின் வாசகத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: பந்துவீசும் கை மேலே சுழன்று தோள் மட்டத்தை எட்டிய நொடியிலிருந்து பந்து கையை விட்டுப் போகும் நொடி வரை, முழங்கை பகுதியாகவோ முழுதாகவோ நீளக் கூடாது. மணிக்கட்டை மடக்கலாம், திருப்பலாம். அதற்குத் தடை இல்லை.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. மடங்கிய கையோடு வீசுவது குற்றமே அல்ல. தொடக்கத்தில் 30 டிகிரி மடங்கியிருந்து, பந்தை விடும்போதும் அதே 30 டிகிரி இருந்தால் அது முறையான பந்து. மடங்கியிருந்தது நீள்வதுதான் குற்றம்.

2. தோள் மட்டத்துக்குக் கை வருவதற்கு முன் முழங்கை என்ன செய்தாலும் கணக்கில் வராது. பந்தை விட்ட பிறகு நடப்பதும் வராது.

3. பழைய விதியில் டிகிரி என்ற பேச்சே கிடையாது. நீண்டதா, இல்லையா, அவ்வளவுதான். தீர்மானிப்பது நடுவரின் வெறும் கண். அந்தக் கண் பார்க்க வேண்டிய அசைவோ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது.

இந்த மூன்றாவது அம்சம் முரளிக்கு முன்பே பலரின் வாழ்க்கையை முடித்திருக்கிறது. 1960இல் லார்ட்ஸ் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவின் ஜெஃப் கிரிஃபின் ஹாட்ரிக் எடுத்தார். அதே ஆட்டத்தில் எறிகிறார் என்று 11 முறை நோபால் வாங்கினார். அதோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. அவருக்கும் முழங்கையை முழுதாக நீட்ட முடியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1963இல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவின் இயன் மெக்கிஃப் ஒரே ஓவர் வீசினார். நான்கு நோபால். ஓய்வு பெற்றுவிட்டார். அளந்து பார்க்க அன்று யாரிடமும் கருவி இல்லை.

முரளியின் கையில் என்ன வித்தியாசம்?

கண்டியில் 1972இல் பிறந்தவர் முத்தையா முரளிதரன். தேயிலைத் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பத்தின் வழிவந்தவர்; அப்பா பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். புனித அந்தோணியார் கல்லூரியில் மிதவேகமாக வீசிக்கொண்டிருந்த பையனை சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்சியாளர் 14 வயதில் சுழலுக்குத் திருப்பிவிட்டார். 1992 ஆகஸ்டில் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் விக்கெட் கிரெய்க் மெக்டர்மட்.

அவர் உடலில் மூன்று விசேஷங்கள். முதலாவது, பிறவியிலேயே முழுதாக நிமிராத வலது முழங்கை. கையைத் தொங்கவிட்டு நின்றாலே அந்த வளைவு தெரியும். இரண்டாவது, சாதாரண மனிதர்களைவிட அதிகமாகத் திரும்பும் தோள்மூட்டு. மூன்றாவது, எந்தப் பக்கமும் வளையும் மணிக்கட்டு. மற்ற ஆஃப் ஸ்பின்னர்கள் விரலால் பந்தைத் திருப்புவார்கள், முரளி மணிக்கட்டால் திருப்பினார். லெக் ஸ்பின்னர்களுக்கே கிடைக்கும் அளவு சுழற்சி ஒரு ஆஃப் ஸ்பின்னருக்குக் கிடைத்ததன் ரகசியம் இதுதான்.

சரி, நீளாத கை ஏன் நீள்வது போலத் தெரிகிறது? இதை உட்கார்ந்த இடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். வலது முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, அந்த வளைவை மாற்றாமல் கையை மேலே தூக்குங்கள். எதிரில் ஒருவர் நிற்கட்டும். இப்போது முழங்கையைத் தொடாமல் தோளை மட்டும் உள்ளேயும் வெளியேயும் திருப்புங்கள். முன்கை பக்கவாட்டில் இருக்கும்போது எதிரில் இருப்பவருக்கு வளைவு நன்றாகத் தெரியும். முன்கை அவரை நோக்கித் திரும்பியதும் வளைவு மறைந்து கை நேராகத் தெரியும். முழங்கை அசையவே இல்லை, ஆனால் பார்த்தவர் "நீண்டது" என்று சத்தியம் செய்வார். இந்தத் திருப்பத்தை முரளியின் தோள் பந்துவீசும் வேகத்தில் செய்கிறது. நடுவரின் கண்ணும் தொலைக்காட்சிக் கேமராவும் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும் தட்டையான பார்வைகள். அவற்றால் தோளின் திருப்பத்தையும் முழங்கையின் நீட்சியையும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் வழக்கு: மெல்போர்ன் முதல் அடிலெய்டு வரை

1995 டிசம்பர் 26, மெல்போர்ன், பாக்சிங் டே டெஸ்டின் முதல் நாள். பந்துவீசும் முனையில் நின்ற நடுவர் டாரல் ஹேர், மூன்று ஓவர்களுக்குள் முரளியை ஏழு முறை நோபால் என்று அறிவித்தார். பொதுவாக இந்த முடிவைச் சொல்வது லெக் திசையில் நிற்கும் நடுவர். பக்கவாட்டிலிருந்து முழங்கை அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பந்துவீசும் முனையில் நிற்பவர் முன்காலைப் பார்க்க வேண்டும், எல்பிடபிள்யூவுக்கும் தயாராக இருக்க வேண்டும். ஹேர் அங்கிருந்தே சொன்னார். விதிப்படி அதற்கு அவருக்கு உரிமை இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. இலங்கை அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க, முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன், அதே ஆக்‌ஷனில் வீசிய ஓவர்களில் ஒரு குறையும் காணவில்லை. ஒரே ஆட்டம், ஒரே கை, இரண்டு தீர்ப்பு.

பத்து நாள் கழித்து, 1996 ஜனவரி 5. பிரிஸ்பேனில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். நடுவர் ராஸ் எமர்சன் மீண்டும் ஏழு முறை நோபால் கொடுத்தார். ஆஃப் பிரேக்தானே பிரச்சினை என்று முரளி, எதிர்ப்பக்கம் திரும்பும் வேறு வகைப் பந்தான லெக் பிரேக்கை வீசிப் பார்த்தார். அதற்கும் நோபால்! லெக் பிரேக்கை எறிந்து வீசுவது உடலமைப்புப்படி மிகக் கடினம். என் பார்வையில் இந்த ஒரு இடத்தில்தான் நடுவரின் நோக்கத்தைச் சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. ஹேர் தன் கண்ணுக்குப் பட்டதைச் சொன்னார் என்று விட்டுவிடலாம். எமர்சன் பந்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்.

அதன் பிறகு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் முரளியைப் பல கோணங்களில் படமெடுத்து ஆராய்ந்தார்கள். முழங்கை பிறவியிலேயே வளைந்தது, எறிவது போலத் தெரிவது பார்வை மயக்கம் என்று முடிவு வந்தது. சர்வதேச கிரிக்கெட்டை நடத்தும் ஐசிசி அவரைத் தொடர்ந்து வீச அனுமதித்தது. அதே ஆண்டு மார்ச்சில் இலங்கை உலகக் கோப்பையை வென்றது.

ஆனாலும் ஓயவில்லை. 1998 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட். டாஸ் வென்ற ரணதுங்க இங்கிலாந்தை முதலில் ஆடச் சொன்னார். நல்ல ஆடுகளத்தில் இது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியிருக்கும். இங்கிலாந்து 445 ரன் எடுத்தது, முரளிக்கு 7 விக்கெட். அடுத்து இலங்கை 591 குவித்தது. ஜெயசூர்யா மட்டும் 213. இவ்வளவு நேரமும் முரளிக்கு ஓய்வு. ரணதுங்கவின் கணக்கே அதுதான்: இரண்டு இன்னிங்ஸுக்கும் இடையில் தன் துருப்புச்சீட்டு களைப்பாறட்டும். இரண்டாவது இன்னிங்ஸில் முரளி 65 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தார். மீதி ஒரு விக்கெட் ரன் அவுட், இல்லாவிட்டால் அதுவும் அவருக்கே போயிருக்கலாம். ஆட்டத்தில் மொத்தம் 220 ரன்னுக்கு 16 விக்கெட். இங்கிலாந்துப் பயிற்சியாளர் டேவிட் லாய்ட் முரளியின் ஆக்‌ஷன் பற்றி ஜாடையாகப் பேசி, தன் வாரியத்திடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

1999 ஜனவரி 23, அடிலெய்டு. எதிரணி மீண்டும் இங்கிலாந்து, நடுவர் மீண்டும் எமர்சன். இந்த முறை லெக் திசையிலிருந்து ஒரு நோபால். ரணதுங்க நடுவரிடம் விரல் நீட்டிப் பேசிவிட்டு, அணியை எல்லைக்கோடு வரை அழைத்துப் போய்விட்டார். சுமார் கால் மணி நேரம் ஆட்டம் நின்றது. பிறகு திரும்பி வந்து ஆடி, 303 ரன் இலக்கை ஒரு விக்கெட் மீதமிருக்க எட்டியது இலங்கை. ரணதுங்கவுக்கு அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட தடையும் விதித்தார்கள். மன அழுத்தம் காரணமாகத் தன் அலுவலக வேலையிலிருந்து மருத்துவ விடுப்பில் இருந்தபடியே எமர்சன் நடுவராக நின்றிருக்கிறார் என்பது பிறகு வெளியே வந்தது. அதன்பின் அவர் சர்வதேச ஆட்டங்களில் நிற்கவில்லை.

முதல் வழக்கு இத்தோடு முடிகிறது. இதில் எந்த விதியும் முரளிக்காக மாறவில்லை. அன்றிருந்த விதியின் கீழேயே, அன்றிருந்த கருவிகளால் பார்த்து, அனுமதி கொடுத்தார்கள்.

இரண்டாவது வழக்கு: தூஸ்ரா

ஆஃப் பிரேக் வலது கை ஆட்டக்காரருக்கு வெளியே விழுந்து உள்ளே வரும். அதே ஆக்‌ஷனில் வந்து எதிர்ப்பக்கம், வெளியே திரும்பும் பந்துதான் தூஸ்ரா. 1990களில் பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் இதைப் பிரபலமாக்கினார். இதை வீசும்போது புறங்கை ஆட்டக்காரரைப் பார்க்கும்படி கையைத் திருப்பியாக வேண்டும். நேரான கையை வைத்துக்கொண்டு அப்படித் திருப்புவது பெரும்பாலோருக்கு முடியாது. முழங்கையை மடக்கினால் திருப்பம் கிடைக்கும். மடங்கிய முழங்கை பந்தை விடும் வேகத்தில் நீளப் பார்க்கும். சிக்கல் இந்தப் பந்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

முரளியும் கற்றுக்கொண்டார். 2004 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா இலங்கைக்கு வந்தது. மூன்று டெஸ்டில் முரளிக்கு 28 விக்கெட். தன் 500ஆவது விக்கெட்டையும் அந்தத் தொடரில், சொந்த ஊரான கண்டியில் எடுத்தார். தொடர் முடிந்ததும் ஆட்ட நடுவர் (மேட்ச் ரெஃப்ரி) கிறிஸ் பிராட் புகார் எழுதினார். புகார் தூஸ்ரா மீது மட்டும். ஆஃப் பிரேக்கை அவர் தொடவில்லை.

இதற்குள் விதிக்குத் துணையாக ஐசிசி டிகிரிக் கணக்குகளை வைத்திருந்தது: வேகப்பந்து வீச்சாளருக்கு 10, மிதவேகத்துக்கு 7.5, சுழலுக்கு 5. முரளி மீண்டும் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் போனார். உடலெங்கும் ஒளி திருப்பும் சிறு குமிழ்களை ஒட்டி, முப்பரிமாணத்தில் அளந்தார்கள். தூஸ்ரா வீசும்போது முழங்கை 14 டிகிரி நீண்டது. பயிற்சி கொடுத்துத் திருத்திய பிறகு சுமார் 10 டிகிரி. சுழலுக்கான 5 டிகிரியோடு ஒப்பிட்டால் இரண்டுமே மீறல்தான்.

இந்த இடத்தில் முரளியின் ரசிகர்கள் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அன்றைய அளவுகோலில் தூஸ்ரா முறையற்ற பந்து. ஐசிசி அதை ஏற்கவில்லை, இலங்கை வாரியமும் அதை வீச வேண்டாம் என்று முரளியிடம் சொன்னது. அந்த மே மாதத்தில்தான் ஹராரேயில் கோர்ட்னி வால்ஷின் 519 விக்கெட் சாதனையை அவர் கடந்தார். அதே மாதத்தில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவார்ட், முரளி எறிகிறார் என்றே வெளிப்படையாகச் சொன்னார். ஜூலையில் ஆஸ்திரேலியா போன இலங்கை அணியில் முரளி இல்லை.

ஆனால் முரளியை அளந்த விஞ்ஞானிகள் இன்னொரு கேள்வியையும் எழுப்பினார்கள். வேகப்பந்து வீச்சாளருக்கு 10, சுழலுக்கு 5 என்ற பிரிவுக்கு ஆதாரம் என்ன? கை வேகமாகச் சுழன்றால் முழங்கை தானாக நீளும், அதனால் வேகக்காரருக்குச் சலுகை என்பதுதான் வாதம். முரளியின் கையோ வேகப்பந்து வீச்சாளரின் கைக்குப் பக்கத்தில் வரும் வேகத்தில் சுழல்கிறது. பந்து மெதுவாகப் போகிறது என்பதற்காகக் கையும் மெதுவாகச் சுழல்கிறது என்று யார் சொன்னது?

எல்லோரையும் அளந்தபோது

ஒருவரை அளந்து குற்றம் சொல்வதற்கு முன், மற்றவர்களை அளந்து பார்த்தோமா? ஐசிசி இந்தக் கேள்விக்கு 2004 செப்டம்பரில்தான் வந்தது. இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் அதிவேகக் கேமராக்களை வைத்து, ஆடிய பந்துவீச்சாளர்களைப் படமெடுத்தார்கள். முரளி அந்தப் போட்டியில் ஆடவே இல்லை, தோள் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார்.

முடிவுகள் பலரைத் தூக்கிவாரிப் போட்டன. பந்துவீசுபவர்களில் 99 சதவீதம் பேருக்கு முழங்கை ஏதோ ஒரு அளவுக்கு நீள்கிறது. பாடப்புத்தக ஆக்‌ஷன் என்று கொண்டாடப்பட்ட கிளென் மெக்ராத், ஷான் பொல்லாக் ஆகியோருக்கே 10 டிகிரியைத் தாண்டியது. அறவே நீட்டாதவர் என்று சொல்லும்படி அகப்பட்டவர் வெஸ்ட் இண்டீஸின் ராம்நரேஷ் சர்வான் ஒருவர்தான். அவரோ எப்போதாவது மட்டும் பந்துவீச வரும் மட்டை ஆட்டக்காரர்.

எழுத்தில் இருந்த விதியைக் கறாராகப் பிடித்தால் உலகக் கிரிக்கெட்டில் பந்துவீச ஆளே மிஞ்சாது. ஐசிசி அமைத்த குழுவில் அரவிந்த டி சில்வா, ஆங்கஸ் ஃபிரேசர், மைக்கேல் ஹோல்டிங், டோனி லூயிஸ், டிம் மே ஆகியோர் இருந்தார்கள். இவர்களில் ஹோல்டிங் முரளியைக் கடுமையாக விமர்சித்து வந்தவர். புள்ளிவிவரங்களைப் பார்த்த பிறகு அவரே கருத்தை மாற்றிக்கொண்டார். வேகம், மிதவேகம், சுழல் எல்லோருக்கும் ஒரே எல்லை, 15 டிகிரி என்று குழு பரிந்துரைத்தது. 2005 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

15 எங்கிருந்து வந்தது? ஏறக்குறைய அந்த அளவுக்கு மேல் போனால்தான் வெறும் கண்ணுக்கு நீட்சி தெரியத் தொடங்குகிறது என்பது ஒரு காரணம். அதற்குக் கீழே எல்லை வைத்தால் யாரும் குறை சொல்லாத பல வேகப்பந்து வீச்சாளர்கள் வெளியே நிற்க வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று.

அப்படியானால், முரளிக்காக மாற்றினார்களா?

இப்போது பதிலைத் துண்டு துண்டாகச் சொல்லலாம்.

1. 1995 முதல் 1999 வரை நோபால் கொடுக்கப்பட்ட பந்துகளுக்கும் 15 டிகிரி விதிக்கும் தொடர்பில்லை. அந்த வழக்கு பழைய விதியின் கீழேயே முடிந்தது.

2. 2004இன் தூஸ்ரா பழைய அளவில் மீறல். புதிய அளவில் மீறல் இல்லை. இந்த மாற்றத்தால் முரளிக்கு நேரடியான லாபம் கிடைத்தது உண்மை.

3. முரளியின் விவகாரம் வெடித்திருக்காவிட்டால் எல்லோரையும் அளக்கும் எண்ணம் ஐசிசிக்கு அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. அந்த வகையில் மாற்றத்துக்குத் தூண்டுதல் அவர்தான்.

4. ஆனால் எல்லை உயர்ந்ததற்குக் காரணம் அவருடைய அளவீடு அல்ல, மற்றவர்களின் அளவீடு. பழைய விதி அப்படியே இருந்திருந்தால் முதலில் விழுந்திருக்கக் கூடியவர்கள் புகழ்பெற்ற வேகப்பந்து வீச்சாளர்கள்.

"அவருக்காக மாற்றினார்கள்" என்பதைவிட "அவரால் மாறியது, எல்லோருக்காகவும்" என்றால் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

800க்குள் என்ன இருக்கிறது?

2007 டிசம்பரில் கண்டியில் பால் காலிங்வுட்டை போல்டாக்கி 709ஆவது விக்கெட்டோடு ஷேன் வார்னை முந்தினார் முரளி. 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிராகக் கடைசி டெஸ்ட். தொடங்கும்போது கையில் 792. ஓய்வை முன்கூட்டியே அறிவித்தாகிவிட்டது, எட்டு விக்கெட் கிடைக்காவிட்டால் 800 இல்லை. இந்தியாவின் கடைசி விக்கெட்டாக பிரக்யான் ஓஜா ஸ்லிப்பில் மஹேல ஜெயவர்தனவிடம் கேட்ச் கொடுத்தார். அதுதான் 800ஆவது. 133 டெஸ்ட், சராசரி 22.72, ஐந்து விக்கெட் 67 முறை, ஆட்டத்துக்குப் பத்து விக்கெட் 22 முறை. ஒருநாள் ஆட்டங்களில் இன்னொரு 534. 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டிதான் கடைசி சர்வதேச ஆட்டம்.

ஆக்‌ஷனைத் தாண்டி இந்த எண்களில் கேட்க வேண்டிய நியாயமான கேள்விகள் இருக்கின்றன. 800இல் 493 சொந்த மண்ணில் எடுத்தவை. வங்கதேசத்துக்கும் ஜிம்பாப்வேக்கும் எதிராக மட்டும் 176. ஆஸ்திரேலிய மண்ணில் 5 டெஸ்டில் 12 விக்கெட், சராசரி 75.41. இந்திய மண்ணில் சராசரி 45ஐத் தாண்டுகிறது. முரளியைக் குறைத்து மதிப்பிட வேண்டுமென்றால் முழங்கையை விட்டுவிட்டு இந்தப் பட்டியலைப் பிடிப்பதுதான் வலுவான வாதம். பதில் வாதமும் உண்டு: டெஸ்டில் 44,039 பந்துகள் வீசிய மனிதர் அவர். சமிந்த வாஸ் நீங்கலாக மறுமுனையில் நிரந்தரத் துணை என்று சொல்ல அதிகம் பேர் இல்லை. வார்னுக்கு மறுமுனையில் மெக்ராத் இருந்தார்.

இன்று ஒருவர் மாட்டினால் என்ன நடக்கும்?

மெல்போர்ன் மாதிரிக் காட்சிகளை இப்போது பார்ப்பது அரிது. ஆட்டத்தின் நடுவே நோபால் என்று கூவுவதைவிட, ஆட்டம் முடிந்ததும் எழுத்தில் புகார் கொடுப்பதே வழக்கம். நடைமுறை இப்படிப் போகும்:

1. ஆட்ட அதிகாரிகள் சந்தேகத்தை அணிக்கு எழுத்தில் தெரிவிப்பார்கள். பந்துவீச்சாளர் 14 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதனைக்குப் போக வேண்டும். முடிவு வரும் வரை வீசலாம். பிரிஸ்பேன், லஃப்பரோ, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆகிய இடங்களில் இந்த வசதி இருக்கிறது.

2. ஆய்வகத்தில் உடலில் குமிழ்களை ஒட்டி, அதிவேகக் கேமராக்கள் சூழ, ஆட்டத்தில் வீசும் எல்லா வகைப் பந்துகளையும் வீசச் சொல்வார்கள். சோதனைக்கென்று ஒரு ஆக்‌ஷன், ஆட்டத்துக்கென்று ஒரு ஆக்‌ஷன் என்று ஏமாற்ற முடியாது. ஆட்டப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

3. 15 டிகிரியைத் தாண்டினால் உடனடித் தடை. ஒரு வகைப் பந்து மட்டும் மீறினால் அதை விட்டுவிட்டு மற்றவற்றை வீசலாம்.

4. திருத்திக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் மறுசோதனை கேட்கலாம். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் இரண்டாவது முறை தடை வாங்கினால் 12 மாதம் காத்திருக்க வேண்டும். இலங்கையின் அகில தனஞ்சயவுக்கு 2019இல் நடந்தது இதுதான்.

ஒரு நாட்டு வாரியம் விதிக்கும் தடை சர்வதேச ஆட்டங்களுக்கும் செல்லும். இங்கிலாந்து வாரியம் தடுத்ததும் ஷகிப் வங்கதேசத்துக்கும் வீச முடியாமல் போனது அதனால்தான்.

15 டிகிரி வந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் எறியலாம் என்றாகிவிட்டது என்ற பயமும் 2014இல் பொய்யாகிப் போனது. அந்த ஆண்டு ஐசிசி திடீரென்று இறுக்கியது. ஒருநாள் தரவரிசையில் உச்சத்தில் இருந்த பாகிஸ்தானின் சயீத் அஜ்மலை பிரிஸ்பேனில் அளந்தபோது முழங்கை நீட்சி 40 டிகிரிக்கு மேல் போனது. ஆக்‌ஷனைத் திருத்திக்கொண்டு 2015இல் திரும்பினார். கை நேரானது, பந்தில் கடி போய்விட்டது. சச்சித்ர சேனநாயக்க, முகமது ஹஃபீஸ், சுனில் நரைன் என்று வரிசையாக மாட்டினார்கள். பகுதிநேரமாக வீசிய கேன் வில்லியம்சன்கூடத் தப்பவில்லை.

இதில் அதிகம் அடிபட்டது தூஸ்ராதான். முரளியின் முழங்கையும் தோளும் மணிக்கட்டும் சேர்ந்து அதை 15 டிகிரிக்குள் அடக்கின. மற்றவர்களுக்கு அந்த உடம்பு வாய்க்கவில்லை. இன்றைக்கு அதை வழக்கமாக வீசும் முன்னணி ஆஃப் ஸ்பின்னர் என்று சொல்ல ஒரு பெயர் தேட வேண்டியிருக்கிறது. பந்தை எதிர்ப்பக்கம் திருப்ப வேறு வழி தேடியவர்களில் ரவிச்சந்திரன் அஸ்வின் முக்கியமானவர். சென்னைத் தெருக்களின் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் புழங்கிய சொடுக்குப் பந்தை டெஸ்டுக்கு எடுத்துப் போனார். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் சொடுக்கி விடும் அந்தப் பந்தில் சுழற்சி விரலிலிருந்து வருகிறது. முழங்கைக்கு அதில் வேலை இல்லை.